டிரங்குப் பெட்டிக்குள் ஒரு நார்னியா

ஹாலிவுட் இயக்குநர் கிரெட்டா கெர்விக், சிறுவர் நாவல் வரிசையான நார்னியாவைப் படமாக எடுக்கிறார் என்று தெரிந்ததிலிருந்து மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் சில வீடுகளில் கட்டிலுக்கடியில் கிடந்த டிரங்குப் பெட்டிகள் வெளியே வந்திருக்கின்றன. இடைநிலைப்பள்ளி நூலகம் கழித்துப் போட்டவை, தோட்டத்து மானேஜர் பங்களா காலியானபோது கைமாறியவை, ஈப்போவில் பழைய புத்தகமாக இரண்டு வெள்ளி மூன்று வெள்ளிக்கு வாங்கியவை என்று ஒவ்வொரு பிரதியும் ஒரு வழியில் வந்து சேர்ந்தது. ஏழும் ஒரே பதிப்பாக இருக்கிற வீடு அபூர்வம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதுகில் போட்டிருக்கும் எண்ணை நம்பி எடுக்காதீர்கள். சி.எஸ். லூயிஸின் இந்த ஏழு நூல்களும் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தவை. பிள்ளைகள் அலமாரி வழியாக உள்ளே போகும் ‘த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்’ முதலில் வந்தது. அந்த உலகம் பிறந்த கதையைச் சொல்லும் ‘த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ ஆறாவதாக, 1955-இல்தான் வந்தது. 1994-இல் ஹார்ப்பர்காலின்ஸ், கதை நடக்கும் காலத்தை வைத்து எண்களை மாற்றிப் போட்டது. அதனால் பழைய அமெரிக்கப் பதிப்பில் 6 என்றால் ‘மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’, புதியதில் 6 என்றால் ‘த சில்வர் சேர்’. விட்டுப்போனதை எண் பார்த்து வாங்கினால் ஒன்று இரண்டாகும், இன்னொன்று கடைசிவரை வராது. இரண்டு வரிசையிலும் இடம் மாறாதது ஏழாம் எண் மட்டுமே. தலைப்பைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு பொறி, பெயர்கள். அலமாரிக் கதையில் சூனியக்காரியின் ஓநாய்க்கு இங்கிலாந்துப் பதிப்பில் மாக்ரிம் என்று பெயர். 1994-க்கு முந்திய அமெரிக்கப் பதிப்பில் ஃபென்ரிஸ் உல்ஃப். ‘த வாயேஜ் ஆஃப் த டான் டிரெடர்’ நூலில் இருட்டுத் தீவு வரும் அத்தியாயத்தின் முடிவும் இரண்டிலும் வேறு. அண்ணன் ஒரு பிரதியும் தங்கச்சி ஒரு பிரதியும் வைத்துக்கொண்டு படிக்கும் வீட்டில், “நீ பொய் சொல்றே” என்று சண்டை வருவது இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் சரி. சத்தமாக வாசிப்பதற்கு ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

புத்தகத்தைத் திறக்குமுன் அது திறக்கும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஈரக்காற்றில் முப்பது நாற்பது வருடம் கிடந்த பேப்பர்பேக்குக்கு மூன்று நோய் வரும்: பூஞ்சை, ராமபாணப் பூச்சி, முதுகுப் பசை காய்ந்து உடைவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குச் செய்தால் புத்தகம் போய்விடும்.

வெயிலில் காய வைக்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதுதான், அதிகம் கெடுப்பதும் அதுதான். மலிவுத் தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கும்; வெயில் பட்டால் இன்னும் மஞ்சளாகி நொறுங்கும், அட்டையும் வளைந்துபோகும். பூஞ்சை பிடித்த புத்தகத்தை நிழலில், மின்விசிறிக்கு எதிரே, பக்கங்களை விசிறிபோல் விரித்து நிற்கவையுங்கள். இரண்டு மூன்று நாளில் ஈரம் போய்விடும். பூஞ்சை நன்றாக உலர்ந்து தூளான பிறகே வீட்டுக்கு வெளியே வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பெயின்ட் பிரஷால் கட்டு இருக்கும் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். பழுப்புப் புள்ளிகள் போகாது, விட்டுவிடுங்கள்.

தாளின் மேல்தோலைச் சுரண்டி, ஓரத்தைக் கோணல்மாணலாக அரித்திருந்தால் அது ராமபாணம். வெள்ளியாய் மினுங்கி வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்கு ஐஸ் பெட்டிதான் மருந்து. புத்தகத்தைக் காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறந்துவிடக் கூடாது. முழுதாக ஒரு நாள் மேசைமேல் அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் குளிர்ந்த தாளில் இந்த ஊர்க் காற்று பட்டு நீர் கோத்து, பூச்சி போன இடத்தில் பூஞ்சை வந்துவிடும். இந்த முறை பூச்சிக்கு மட்டும். பூஞ்சை குளிரில் தூங்கும், சாகாது.

முதுகு உடைந்து பக்கங்கள் கழன்று விழுந்தால் செலோடேப்பைத் தொடாதீர்கள். அதன் பசை சில வருடத்தில் மஞ்சளாகத் தாளுக்குள் ஊறும், டேப் தனியாக உரிந்து வரும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும். சாத்தே குச்சியின் முனையில் தொட்டு, கழன்ற பக்கத்தின் உள்ளோரத்தில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு மெல்லிய கோடாக இழுங்கள். பக்கத்தை இடத்தில் நுழைத்து, மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்து, ஐந்து கிலோ அரிசிப் பையை மேலே ஏற்றி ஒரு நாள் விடுங்கள். பசை அதிகமானால் பக்கத்துப் பக்கங்களும் ஒட்டிப் புத்தகம் செங்கல் ஆகும். ஒரே நாளில் பத்துப் பக்கம் ஒட்டவும் முயலாதீர்கள். முதுகு தடித்து மூடாமல் போகும்.

புத்தகம் உறைபெட்டியில் இருக்கும் இரண்டு வாரத்தில் ஒரு வேலை இருக்கிறது. மளிகைக் கடையில் பற்று எழுதும் சின்ன 555 நோட்டு ஒன்று வாங்கி, நார்னியாவில் உங்களுக்கு ஞாபகம் இருப்பதில் பத்தை எழுதுங்கள். எதையும் பார்க்காமல் எழுத வேண்டும். பிறகு படிக்கும்போது ஒவ்வொன்றின் எதிரிலும் ‘புத்தகம்’ அல்லது ‘படம்’ என்று குறியுங்கள். லண்டனில் குண்டு விழும் காட்சியைப் பெரும்பாலோர் எழுதுவார்கள். அது 2005 படத்தின் தொடக்கம். நூலில் குண்டுவீச்சுக்குப் பயந்து பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். உறைந்த ஆறு உடையும்போது ஓநாய்கள் மறிப்பதும் படம்தான். ‘பிரின்ஸ் காஸ்பியன்’ கதையில் அரசன் மிராஸின் கோட்டையை இரவில் தாக்குவது 2008 படத்தில் சேர்த்தது, ‘டான் டிரெடர்’ கப்பல் கதையின் பச்சை மூடுபனி 2010-இல் சேர்த்தது. சின்ன வயதில் படித்ததாக நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, பிறகு திரையில் பார்த்தது. புதுப் படமும் அதையேதான் செய்யப்போகிறது. படத்துக்கு முன்னால் படிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

எந்த வரிசையில் படிப்பது? புதுப் படம் எடுத்துக்கொண்டிருப்பது ‘மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ என்பதால் அதை மட்டும் படித்தால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள், அதுவும் முதல் முறை கேட்கிற பிள்ளை வீட்டில் இருந்தால். 1950 நூலில் பனிக்காட்டின் நடுவே ஒரு தெருவிளக்கு காரணமில்லாமல் எரிந்துகொண்டு நிற்கிறது. அது எப்படி வந்தது என்ற கேள்வி ஐந்து நூல் தாண்டித்தான் தீர்கிறது. விடையை முதலில் கொடுத்துவிட்டுப் புதிரை அப்புறம் சொன்னால் விளக்கு வெறும் விளக்காகிவிடும். அஸ்லான் என்ற சிங்கத்தின் பெயரைப் பிள்ளைகள் முதன்முதலாகக் கேட்கும் இடத்தில், அவர் யார் என்று உங்களுக்கும் தெரியாதுதானே என்று ஆசிரியர் நம்மிடம் பேசுகிறார். அந்த வரி வேலை செய்ய, கேட்பவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்க வேண்டும். லூயிஸ் 1957-இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய பதிலில் காலவரிசைப் பக்கம் சாய்ந்தார். வரிசை அவ்வளவு முக்கியமில்லை என்றும் அதிலேயே சொன்னார். எழுதியவரே சொன்னாலும் இந்த விஷயத்தில் தெருவிளக்கின் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

நேரம் குறைவென்றால் அலமாரிக் கதை, அடுத்து ‘மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’, அதோடு படம். முதலாவதில் 17 அத்தியாயம், இரண்டாவதில் 15. வாரத்தில் நான்கு இரவு, இரவுக்கு ஒன்று என்றால் எட்டு வாரம். ஏழையும் முடிப்பதானால் 110 அத்தியாயம். வாரத்துக்கு ஐந்து வைத்தாலும் 22 வாரம் ஓடும். அத்தியாயத்தை ஆங்கிலத்தில் மட்டும் வாசித்தால் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு பத்தி வாசித்து அதைத் தமிழில் சொல்லிப் போனால் முப்பத்தைந்து நிமிடம். டியூஷன் முடிந்து வந்த பிள்ளைக்கு நாற்பதுக்கு மேல் தாங்காது. நல்ல இடத்தில் நிற்கிறதே என்று இன்னும் ஒன்று வாசித்தால் மறுநாள் வாசிக்கவே வராது.

தமிழில் சொல்லும்போது முதலில் இடறுவது ‘பனி’. காலை ஐந்தரைக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர் தலையில் துண்டைக் கட்டுகிறாரே, அந்தப் பனிதான் இங்கே வளரும் பிள்ளைக்குத் தெரியும். நார்னியாவில் நூறு வருடமாகப் பனிக்காலம் என்று சொன்னால், “அதனால என்ன?” என்று கேட்கும். ‘ஸ்னோ’ என்றே சொல்லுங்கள், பள்ளியில் மலாயில் படிக்கும் ‘சல்ஜி’யும் சரி. அத்தோடு உறைபெட்டிச் சுவரில் படிந்திருக்கும் வெள்ளைத் தூளைக் கரண்டியால் சுரண்டி உள்ளங்கையில் வையுங்கள். உள்ளேதான் புத்தகமும் கிடக்கிறது. நிறைய வீட்டில் கதை தொடங்குவது அந்த நிமிடத்தில்தான்.

அலமாரிக்கு விளக்கம் வேண்டாம். போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல் தமிழிலும் இருக்கிறது, மலாயிலும் இருக்கிறது. பீவரை மட்டும் நீர்நாய் என்று பெயர்த்துவிடாதீர்கள். நீர்நாய் மீன் பிடித்துத் தின்னும் வேறு பிராணி, மரத்தைக் கடித்து அணை கட்டாது. பீவர் பீவராகவே இருக்கட்டும்.

‘நெஃப்யூ’வைத் தமிழில் சொல்ல வரும்போது கதையே கனத்துவிடுகிறது. அந்த மந்திரவாதியை ஆங்கிலத்தில் அங்கிள் ஆண்ட்ரூ என்று ஒரே பெயரில் சொல்லிப் போய்விடலாம். தமிழில் அவர் யார் என்று தெரியாமல் வாய் திறக்க முடியாது. அவர் கதையின் சிறுவன் டிகோரியின் அம்மாவோடு பிறந்தவர், தாய்மாமன். காது குத்தும்போது மடியில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டியவர், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மோதிரம் கொடுத்து ஏமாற்றி ஊர்பேர் தெரியாத உலகத்துக்கு அனுப்பிவிட்டு, பிறகு சொந்தத் தங்கை மகனைப் போய்க் கூட்டிவா என்கிறார். ஆங்கிலப் பிள்ளைக்கு அவர் ஒரு விசித்திரக் கிழவர். மாமன் சீர் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது துரோகம். கம்சனும் சகுனியும் தாய்மாமன்தானே என்று பாட்டி ஒருத்தர் மூலையிலிருந்து சொன்னால் வாசிப்பை நிறுத்திக் கேளுங்கள், அதுவும் வாசிப்புதான்.

அடுத்து ‘உலகங்களுக்கு இடையிலான காடு’. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மரம், சில கஜத்துக்கொரு குட்டை, காற்றும் இல்லை, பறவையும் இல்லை. எந்தக் குட்டை வழியாக வந்தோம் என்பதை மறந்தால் வீடு கிடையாது. டிகோரி கத்தியால் புல்தரையில் நீளமாக ஒரு கீற்று வெட்டி அடையாளம் வைத்த பிறகுதான் நகர்கிறான். இதைக் கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு யாரும் விளக்க வேண்டாம். எந்த நிரையில் நின்றாலும் எல்லா மரமும் ஒன்றுதான், இடமிருந்து வலமாகச் சரிந்த அதே வெட்டு, அதே கோப்பை. இன்றைய பிள்ளைகளுக்குச் செம்பனைதான் தெரியும். அதுவும் ஒன்பது மீட்டருக்கு ஒன்றாக ஒரே அச்சில் நிற்கும், குழப்பத்துக்குக் குறைவில்லை. முடிந்தால் அந்த அத்தியாயத்தைப் பகலில், தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். மோதிரங்களின் நிறம் குழம்பும்: மஞ்சள் காட்டுக்குள் இழுக்கும், பச்சை காட்டிலிருந்து வெளியே அனுப்பும். நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தில் வாசிப்பவரே தடுமாறுவார்.

அந்த நூலின் கடைசியில், வேற்றுலகப் பழத்தின் விதை லண்டன் தோட்டத்தில் மரமாகி, விழுந்த மரம் அலமாரியாகிறது. கோலகங்சாருக்குப் போகும் வேலை இருந்தால் 1877-இல் நட்டவற்றில் மிஞ்சிய கித்தா மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிரேசிலில் எடுத்த விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து இங்கே வந்தது. பால் வற்றிய மரத்தை இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டி மேசை, நாற்காலி, அலமாரி செய்கிறார்கள். வீட்டு அலமாரி கித்தாப் பலகையாக இருந்தால் சொல்லிவிடுங்கள். பிள்ளை உள்ளே ஏறிப் பார்க்கும். அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது முட்டாள்தனம் என்று லூயிஸ் ஒரே நூலில் பலமுறை எச்சரிப்பதை அப்போது இன்னொரு தரம் வாசியுங்கள்.

அலமாரிக் கதையில் சிறுவன் எட்மண்ட் சூனியக்காரியிடம் விலைபோகும் அந்த டர்கிஷ் டிலைட் மிட்டாயைப் பற்றி எல்லாப் பிள்ளையும் கேட்கும். அல்வா என்றால் நெய் வாசம் வந்துவிடும், தோடோல் என்றால் தேங்காய்ப்பால். இது இரண்டுமில்லை: சோளமாவு, சீனி, பன்னீர். ரோஜா சிரப் கலந்த பாண்டுங் தண்ணீரின் வாசம் என்றால் உடனே பிடிபடும். இங்கிலாந்தில் மிட்டாய்க்குப் பங்கீடு 1953 வரை இருந்தது. 1950-இல் அந்த நூலைப் படித்த பிள்ளைக்கு ஒரு பெட்டி நிறைய மிட்டாய் என்பதே மந்திரம்தான். எட்மண்டை ரொம்பத் திட்டாமல் இருக்க இது உதவும்.

வீட்டில் செய்யலாம். 400 கிராம் சீனி, 180 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. கம்பிப் பதம் தாண்டி, குளிர்ந்த நீரில் விட்டால் இளகிய உருண்டையாகத் திரளும் பதம்வரை காய்ச்சுங்கள். வெப்பமானி இருந்தால் 115 டிகிரி. வேறு சட்டியில் 70 கிராம் சோளமாவையும் அரைத் தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டரையும் 400 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கூழாகும்வரை கிண்டி, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அதற்கப்புறம் பொறுமை: சின்னத் தீயில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கைவிடாமல் கிண்ட வேண்டும். வெளுப்பு மாறி இளம்பொன் நிறமாகி, சட்டியை விட்டுச் சுருண்டு வந்தால் ஒரு மேசைக்கரண்டி பன்னீர் ஊற்றி இறக்குங்கள். நிறத்துக்கு ஒரு தேக்கரண்டி ரோஜா சிரப் போதும், கூடினால் இறுகாது. எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி இரவு முழுக்க வெளியே விடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வியர்க்கும்.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். அரை மணியில் கை வலித்து இறக்கிவிட்டால் மறுநாள் பசைபோல் இழுபடும், கத்தியில் ஒட்டும். அதைத் திருப்பிச் சட்டியில் போட்டுக் கிண்டுவதைத் தவிர வழியில்லை. இன்னொன்று மேல்தூவல். 50 கிராம் ஐசிங் சீனியோடு 25 கிராம் சோளமாவு கலந்து புரட்டினால் வெண்மையாக இருக்கும், ஆனால் மழை நாளில் சில மணி நேரத்திலேயே ஈரம் இழுத்துப் பிசுபிசுத்துவிடும். அத்தியாயம் வாசிக்கும் இரவில், தட்டில் வைக்கும்போது மட்டும் புரட்டுங்கள். அதே கையோடு புத்தகத்தைத் தொடவிடாதீர்கள். அந்தச் சீனிக்குத்தான் ராமபாணம் திரும்ப வரும்.

ஏழையும் வாசிக்கிறவர்கள் ‘த ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ வரும்போது தயாராக இருங்கள். தலைப்பாகை கட்டிய, கறுத்த தோல் கொண்ட கலோர்மன் நாட்டாரை எதிரிகளாகவும் கொடியவர்களாகவும் காட்டும் வரிகள் அதில் உண்டு. ‘த லாஸ்ட் பேட்டில்’ நூலில் இன்னும் கடுமை. வாசிப்பவர் தோலும் கேட்பவர் தோலும் அந்த நிறம்தான். சின்ன வயதில் இது கண்ணில் படாமல் வெள்ளைப் பிள்ளைகளின் பக்கமே நின்று படித்திருப்போம். தாண்டிக் குதிக்க வேண்டாம். வாசித்துவிட்டு, இப்படி எழுதியிருப்பது தப்பு என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். நிறைய வீட்டில் கேள்வி அதற்கு முன்பே பிள்ளையிடமிருந்து வந்துவிடும்.

சிங்கத்தைப் பார்த்ததும் நரசிம்மர் என்பார்கள். லூயிஸ் அதைக் கிறிஸ்துவை மனத்தில் வைத்து எழுதினார் என்பதை, கேட்டால் சொல்லலாம். அஸ்லான் என்பது சிங்கத்துக்குத் துருக்கியச் சொல். ‘ஆயிரத்தொரு இரவுகள்’ மொழிபெயர்ப்பின் குறிப்புகளில் அவர் கண்டெடுத்த பெயர் அது. அரபுக் கதை வழியாக வந்த துருக்கியச் சிங்கத்தைத் தோட்டத்துப் பிள்ளை நரசிம்மர் ஆக்கினால் யாருக்கும் நட்டமில்லை.

முன்னோட்டம் வெளிவந்ததும் கைப்பேசியில் காட்டிவிடாதீர்கள். அதற்கு முன் பிள்ளைகளிடம் வெற்றுத்தாள் கொடுத்து சூனியக்காரி ஜேடிஸையும் அங்கிள் ஆண்ட்ரூவையும் வரையச் சொல்லுங்கள். நடிகரின் முகத்தைப் பார்த்தபின் வேறு முகம் வராது. வரைந்த தாளில் தேதி போட்டு 555 நோட்டுக்குள் மடித்து வையுங்கள். படத்துக்கு ஈப்போ வரை போய்வர ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். புத்தகத்தைக் கூடக் கொண்டுபோக வேண்டாம், மழையும் சோளப்பொரி நெய்யும் போதும் அதைக் கெடுக்க. நோட்டு மட்டும் பையில் இருக்கட்டும். திரும்பி வரும் வழியிலேயே, பின்சீட்டில் தூங்கிவிடுவதற்குள், எது புத்தகத்தில் இல்லை என்று கேட்டு எழுதிவிடுங்கள். மறுநாள் கேட்டால் எல்லாமே புத்தகத்தில் இருந்ததாகத்தான் சொல்வார்கள்.